துணைக்கால்

கதவைத் திறந்ததும் கோச்சின் மனைவி வந்தவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். அங்கே திரை அசையவில்லை. அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சும் வந்தது, வரவேற்பும் வந்தது. "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே விட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். பகல் பதினோரு மணிக்குத் தாழ்ப்பாள் போடும் வீடு அந்த அடுக்குமாடியில் அது ஒன்றுதான்.

வந்தவர்கள் யாரோ எவரோ இல்லை. கோச்சின் கூடப்பிறந்த தங்கை. கூடவே அவள் மகள்.

"உக்காரும்மா."

"இருக்கட்டும் அண்ணி. வேலைக்குப் போய்ட்டு வர்ற உடம்பு. சோபா அழுக்காயிடும்."

குளித்து, தலை சீவி, பெட்டி போட்ட துணி உடுத்தி வந்தவள் பேசுகிற பேச்சு அது. எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் அவள் வாயில் தானாக வந்துவிடும். அண்ணன் வீட்டுக்கும் விலக்கு இல்லை. மகளுக்கு அந்தப் பாடம் ஏறவில்லை. பொத்தென்று சோபாவில் உட்கார்ந்து, நீளமான கால் இரண்டையும் மேஜைக்கு அடியில் நீட்டிக்கொண்டாள். பதினைந்து வயதில் ஐந்தடி ஒன்பது அங்குலம். கோல் கம்பங்களுக்கு நடுவே அவள் நின்றால் எந்த மூலைக்கு அடித்தாலும் பந்து அவள் கையில்தான் போய் உட்காரும். பூனை என்று பேர் வைத்தது அவளிடம் பந்தைப் பறிகொடுத்தவர்கள்.

மேஜையில் ஒரு படிவம். கோச் வேலை பார்க்கும் கால்பந்து கிளப்பின் பயிற்சி அணிக்கு இந்த வருஷம் முதல்முறையாகப் பெண்பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். பதினெட்டுப் பேர். தேர்வானால் கிளப் விடுதியில் தங்கலாம், கிளப் பள்ளிக்கூடத்தில் படிக்கலாம், வயது வந்ததும் சம்பளத்துக்கு ஆடலாம். தேர்வாகாவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. தங்கைக்குச் சாக்கடை அடைப்பு எடுக்கும் வேலை. அவளுடைய மேஸ்திரி பூனையை ஒருநாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல கை நீளம். குழிக்குள்ள இறங்காமலே பாதி அடைப்பை எடுத்துரலாம்" என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து தங்கைக்குத் தூக்கமில்லை.

"நீயே எழுதுண்ணா. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றாள்.

கோச் எழுதினார். பேர், வயது, உயரம், எடை, ஆடும் இடம் எல்லாம் கடகடவென்று போனது. முகவரி என்ற இடத்தில் பேனா நின்றது. அது நின்ற கதை இருபத்தொன்பது வருஷத்துக் கதை.

இப்போதெல்லாம் ஊரில் யாரும் யாரையும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதில்லை. நாகரிகமில்லை என்று எல்லாரும் தெரிந்துகொண்டாயிற்று. எந்தத் தெரு என்று மட்டும் சிரித்த முகமாய்க் கேட்பார்கள். பதிலில் எல்லாம் வந்துவிடும். சந்தைக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. ஊரின் கழிவெல்லாம் யார் கையால் வெளியே வருகிறதோ அவர்கள் குடியிருக்கும் இடம். பின்தெரு என்பது அதன் பேர். அந்தத் தெருக்காரர் வேலை கேட்டுப் போனால், ஒரே ஒரு வேலைதான் எப்போதும் காலியாக இருக்கும்.

கோச் பிறந்தது அங்கேதான். பதினைந்து வயதில் இதே கிளப்பில் இதே மாதிரி ஒரு படிவத்தை அவருக்காக நிரப்பியவர் ஒரு குமாஸ்தா. அவருக்கு ஒரு காது மந்தம். "எந்தத் தெருடா?" என்றார். "பின்தெரு" என்றான் பையன். குமாஸ்தா பொன்தெரு என்று எழுதினார். பொன்தெரு கடைவீதிக்கு முன்பக்கம், நகைப்பட்டறையும் கடிகாரக் கடையுமாக இருக்கும் மதிப்பான தெரு. வித்தியாசம் பெரிதில்லை. பகரத்தின் தலையிலிருந்து மேல்விலங்கு கழன்றது. முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு துணைக்காலும் ஒட்டிக்கொண்டன. இரண்டு காலால் ஆடுகிற ஆட்டத்தில் அவருக்கு மூன்றாவதாக ஒரு கால் கிடைத்தது அப்படித்தான். சொல்லப்போனால் அவர் நின்றதெல்லாம் அந்தக் காலில்தான்.

கிளப்பிலிருந்து ஓர் ஆள் பொன்தெருவுக்குப் போய் விசாரித்தார். இப்படி ஒரு பையன் உண்டா என்று. கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல ஆட்டக்காரன் என்று காதில் விழுந்ததும் யாருக்கும் இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. "ஓ, நம்ம பையனாச்சே!" என்றார்கள். முதல் கோப்பை வந்த வருஷம் தெரு முழுக்கப் படம் வைத்து, மேடை போட்டு, விரலில் மோதிரம் போட்டார்கள். அந்த விரல் அவருடையதுதான். நீட்டினவரும் அவர்தான்.

பதினாலு சீசன் நடுத்தடுப்பில் நின்றார். ரசிகர்கள் சுவர் என்றார்கள். நடுவரிடம் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. மூன்று முறை கேப்டன் பதவி தேடி வந்தது. மூன்று முறையும் வேண்டாமென்றார். என்ன அடக்கம் என்று பத்திரிகைக்காரர்கள் உருகினார்கள். கேப்டன் என்றால் கோப்பை விருந்துக்குத் தாய் தகப்பனை அழைத்துவந்து மேடையேற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. அம்மா செத்த அன்று வெளியூரில் ஆட்டம் என்று சொல்லி வரவில்லை. ஆட்டம் மறுநாள்தான். அட்டவணையைப் பின்தெருவிலும் நாலு பேர் வாசிப்பார்கள். வாசித்துவிட்டு, பேசாமல் மடித்து வைத்துவிட்டார்கள். அந்தத் தெரு அவரைக் காட்டிக்கொடுத்ததே இல்லை.

முழங்கால் போனபின் கிளப் அவரை இளையோர் கோச் ஆக்கியது. பதினோரு வருஷமாகிறது. வருஷா வருஷம் பின்தெருவிலிருந்து இரண்டு மூன்று பேராவது வருவார்கள், நம்ம ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பி. அவரும் பட்டியலில் எழுதுவார். பட்டியல் செயலாளர் அறைக்குப் போய்த் திரும்பும்போது அந்தப் பேர்களுக்கு எதிரே ஒரு சின்னக் கோடு இருக்கும். கோடு மட்டும்தான் செயலாளருடையது. காரணத்தைக் கோச்தான் எழுத வேண்டும், ஆட்ட நுணுக்கம் தெரிந்தவர் அவரல்லவா! உயரம் போதாது. வேகம் போதாது. அடுத்த வருஷம் பார்க்கலாம். முத்து முத்தான கையெழுத்து.

இப்போது அந்தக் கையெழுத்து முகவரிக் கட்டத்தில் பொன்தெரு என்று எழுதியது.

பூனை எட்டிப் பார்த்தாள். "மாமா, பொ போட்டுட்டீங்க."

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"பொன்தெருவுல எனக்கு ஒரு நாய்க்குட்டியக்கூடத் தெரியாதே."

"எனக்கும்தான் அப்ப தெரியாது. அப்புறம் அவங்களாவே என்னைத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அங்க கடிகாரக் கடைக்காரர் என் ரசிகர். மாடி ரூம்ல குடியிருக்காங்கன்னு சொல்லச் சொன்னா சொல்வார்."

மனைவி தேநீர்க் கோப்பைகளை வைத்தாள். இருப்பதிலேயே நல்ல கோப்பைகள். அந்த விஷயத்தில் அவள்மேல் குறை சொல்ல முடியாது. "பொண்ணு நல்லா வரட்டும், நான் வேணாம்னா சொல்றேன்? ஆனா கிளப்புல உங்ககிட்ட இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டா என்னங்க சொல்வீங்க?"

தங்கைதான் முந்திக்கொண்டாள். "தெரிஞ்ச பொண்ணுன்னு சொன்னாப் போதும் அண்ணி. அதுல எங்களுக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?"

"எனக்குக் குறையும்" என்றாள் பூனை.

"நீ வாயை மூடு."

"மாமா ஜெயிச்ச கப்புக்கெல்லாம் பொன்தெருவுலதான் போட்டோ மாட்டி வச்சிருக்காங்க. நம்ம தெருவுல ஒண்ணுகூட இல்ல. ஆடினது இவரு, பேரு அவங்களுக்கு. நான் பிடிக்கிறதும் அங்க போய்ச் சேரணுமா?"

"அடி, பிடிக்கிறதுக்கு முதல்ல உள்ள போகணும்ல! வந்துட்டா பெரிய நியாயஸ்தி!" தங்கை கையை ஓங்கினாள். மகள் உட்கார்ந்தும் அம்மாவின் தோள் உயரம் இருந்தாள்; அடி எங்கே விழும் என்று பார்ப்பதற்குள் கோபம் சிரிப்பாகிவிட்டது. கோச் சிரிக்கவில்லை. படிவத்தை மடித்துப் பூனையிடம் கொடுத்தார். கூடவே பழைய கையுறை ஒரு ஜோடியும் கொடுத்தார். அணியின் கோல்காப்பாளர் தூக்கிப் போட்டதை அவர் எடுத்துத் தையல் போட்டு வைத்திருந்தார். அந்தத் தெருவில் கையுறை போடப்போகும் முதல் ஆள் பூனைதான். சாக்கடை வேலைக்குக் கையுறை கொடுக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. சட்டத்துக்கும் அந்தத் தெருவுக்கு வழி தெரியாது.

தேர்வு நாளில் அறுபது பெண்பிள்ளைகள் வந்திருந்தார்கள். எதிரே அடித்த பதினாலு பந்தில் பன்னிரண்டைப் பூனை பிடித்தாள். ஒன்றை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தள்ளிவிட்டபோது செயலாளரே நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். கோச்சின் நெஞ்சு விம்மியது. தட்டும் கைகளைப் பார்த்துக்கொண்டே விசிலை ஊதி, எல்லாருக்கும் கேட்கும்படி, "அடுத்த ஆள்!" என்றார். ஒரு பாராட்டு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. பாராட்டினால் யாரென்று கேட்பார்கள்.

மூன்றாம் நாள் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

செயலாளர் தங்கமான மனுஷர். யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பத்து வார்த்தைக்கு ஒருமுறை "நம்ம குடும்பம்" என்பார், கிளப்பைத்தான். கோச்சை உட்காரச் சொல்லி, படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க எழுத்து மாதிரி இருக்கு. ஆனா இங்க யாரோ அடிச்சுத் திருத்தியிருக்காங்க. எனக்குக் கண் சரியாத் தெரியல. நீங்களே பாருங்க. இது பொ-வா, பி-யா?"

கோச் பார்த்தார். அவர் எழுதிய கொம்பும் துணைக்காலும் நீல மையால் அடிக்கப்பட்டிருந்தன. தலைக்கு மேலே அழுத்தமாக, காகிதம் கிழியாத குறையாக, ஒரு மேல்விலங்கு. படிவத்தைக் கொடுக்கிற மேஜையில் குமாஸ்தாவின் பேனாவையே வாங்கி அவள் அதைச் செய்திருந்தாள். தன் எழுத்துக்குத் தானே விலங்கு மாட்டிய பெண்ணை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"சொல்லுங்க. பொன்தெருன்னா உங்க தெரு. உங்களுக்குத் தெரியாத வீடா? நீங்க பொ-ன்னு சொன்னா எனக்குப் பொ-தான். இன்னிக்கே கையெழுத்துப் போட்டுர்றேன். ஒரு நடை போய் வீட்டுப் பெரியவங்களைப் பார்த்து வாழ்த்திட்டு வந்துருவோம். அவ்வளவுதான்."

கோச் கணக்குப் போட்டார். பொ என்றால், செயலாளரோடு கடிகாரக் கடை மாடியில் ஏற வேண்டும். ஒரு படிவத்திலேயே பொய் தங்காத பெண், அங்கே வாயைத் திறக்காமல் இருப்பாளா? ஒரு இழை பிடித்து இழுத்தால் இருபத்தொன்பது வருஷமும் பிரிந்து வந்துவிடும்.

"பி சார்" என்றார்.

அந்த அறையில் அவர் சொன்ன முதல் உண்மை அது. அதிலும் பாதிதான். என் தங்கச்சி பொண்ணு சார், நானும் பி-தான் சார் என்கிற மீதிப் பாதி தொண்டை வரைக்கும் வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"அப்படியா?" செயலாளருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "எவ்வளவு நல்லா பிடிச்சா பாருங்க! விளையாட்டுல ஏது மேலே கீழே, நமக்கு அதெல்லாம் கிடையாது. ஆனா விடுதின்னா ஒரே ரூம், ஒரே குளியலறை. மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மா இருக்காங்களே, அவங்க மனசையும் பார்க்கணும்ல?" பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார். "காரணம் நீங்களே எழுதிருங்க."

கோச்சின் கைக்குப் பழக்கமான வேலை. மனசைக் கேட்காமலே எழுதிவிட்டது: உயரம் போதாது.

செயலாளர் வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேலே பார்த்தார். "மேல ஐந்தடி ஒன்பதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வந்த அறுபதுல இவதான் உசரம்."

கோச் வேறு காகிதம் எடுக்கக் கை நீட்டினார்.

"அட, விடுங்க. யார் படிக்கப் போறா?" என்று செயலாளர் ஃபைலை மூடினார். கதவு வரைக்கும் கூடவே வந்து தோளில் கை போட்டார். "மனசுல வச்சுக்காதீங்க. இத்தனை வருஷமா எங்ககூட இருக்கீங்க. நாங்க என்னைக்காவது உங்களை எந்தத் தெருன்னு கேட்டிருக்கோமா?"

படியில் இரண்டு எட்டு இறங்கிய பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. கோச் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரியும். இவர்களுக்கு எல்லாம் தெரியும். எப்போதிருந்து? இரண்டாவது சீசனிலிருந்தா? முதல் கோப்பையிலிருந்தா? தெரிந்துதான் கேப்டன் பதவியை நீட்டி, அவர் வேண்டாமென்று பதறுவதைப் பார்த்தார்களா? தெரிந்துதான் பின்தெருப் பிள்ளைகளைக் கழிக்கிற காகிதத்தில் அவர் கையெழுத்தாகப் பார்த்து வாங்கினார்களா? இப்படி ஓர் ஆள் கிடைப்பது லேசா? எதையும் கேட்க மாட்டான். எதற்கும் மறுக்க மாட்டான். யாராவது அநியாயம் என்று வாயெடுத்தால், உங்க கோச்சே எழுதினதுதானே என்று நீட்டிவிடலாம். பயந்து பயந்து மூடி வைத்ததை மூடி வைத்திருக்கவே தேவையில்லை.

திரும்பி மேலே போயிருக்கலாம். இரண்டே படிதான். கீழே மைதானத்தில் பிள்ளைகள் பந்தோடு காத்துக்கொண்டிருந்தார்கள். கோச் கீழே இறங்கினார்.

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே பின்தெருவுக்குப் போனார். எல்லாரும் பார்க்கும்படி அங்கே போய் எத்தனையோ வருஷமாயிற்று. வாசலில் தங்கை ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. இருந்தாலும் தண்ணீரை நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து பூனை குனிந்து வெளியே வந்தாள். அந்த வாசற்படிக்கு அவள் குனியாமல் வர முடியாது.

"உயரம் போதலையாம்" என்றார் கோச், தரையைப் பார்த்து.

"எத்தனை அடி வேணுமாம்?"

பூட்ஸ் கழுவிய தண்ணீர் ஓடிவந்தது. கோச் காலை ஒதுக்கி வைத்தார்.

"யாரு சொன்னது மாமா?"

"கிளப்புல."

"கிளப்புல யாரு?"

"நான்தான் எழுதினேன்."

பூனை அவர் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றாள். கோச் தலையைத் தூக்கித்தான் அவள் கண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் அழவில்லை, கத்தவுமில்லை. அளவு சரிபார்க்கிறவள் போல ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

"நீ பொ-ன்னே விட்டிருந்தா..." என்று கோச் ஆரம்பித்தார்.

"விடு" என்றாள் தங்கை. "திங்கக்கிழமையிலருந்து என்கூடக் கூட்டிட்டு வரச் சொல்லி மேஸ்திரி சொல்லிட்டார். அங்க உசரத்துக்கெல்லாம் குறை சொல்ல மாட்டாங்க."

பக்கத்து வீட்டு அக்கா துணியை உலர்த்தப் போனவள், கையில் பிழிந்த துணியோடு நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். சின்ன வயசில் கோச்சுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் அவள். அவளுக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? இருந்தாலும் கேட்டாள். "யாருடி அது? உங்க அண்ணனா?"

தங்கை பூட்ஸை வெயிலில் சாய்த்து வைத்தாள். ஈரக்கையை முந்தியில் துடைத்துக்கொண்டாள்.

"இல்லக்கா. கிளப்புக்காரர். பொன்தெரு. வழி தெரியாம வந்துட்டார் போல."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பக்கத்து வீட்டு அக்கா, "ஓ, அப்படியா" என்றாள். ஒன்றுமே நடக்காத மாதிரி துணியை உதறிக் கொடியில் போட்டாள். இருபத்தொன்பது வருஷமாக அந்தத் தெரு காப்பாற்றிய ரகசியம். இப்போதும் அது காப்பாற்றத்தான் செய்தது.

கோச் நின்ற இடத்திலேயே நின்றார். ஏதாவது சொல்வார் என்று பூனை கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று ஒரு வார்த்தை. அக்கா இன்னும் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். வார்த்தை வரவில்லை.

பூனை சுவரோரத்திலிருந்து நகர்ந்து வந்தாள். வழி தப்பி வந்த வெளியாளிடம் எவ்வளவு மரியாதையாகப் பேச வேண்டுமோ அவ்வளவு மரியாதையாகக் கையை நீட்டிக் காட்டினாள்.

"இப்படியே நேராப் போய், குழாய்க்கிட்ட இடது பக்கம் திரும்பினா மெயின் ரோடு வந்துரும் சார்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, கோச் அவள் காட்டின பக்கமாக நடந்தார்.